கடிகாரம் கட்டிய கை

சிவகாசி
23.11.2025, ஞாயிறு

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நெதர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா நலம். நானும் நலம். நான் நலம் என்பதை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை தாயி, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ போன் பண்ணி அழுதுகொண்டிருக்கிறாய், எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாய், எதையோ மறைக்கிறீர்கள் என்கிறாய். மறைத்தது உண்மைதான், ஆனால் நீ நினைக்கிறதை இல்லை. என் நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறது, பிரஷர் இல்லை, சர்க்கரைகூட எல்லைக்குள்தான் நிற்கிறது. மற்றதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய், நான் டவர் கிடைக்கவில்லை என்று வைத்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியாதா. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மா போட்டோ பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கடைசி வரி வரை வாசித்துவிட்டு அப்புறம் போனை எடு.

உன் சைக்கிள் பயணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆடி பதினெட்டு அன்றைக்கு, ஊரில் எல்லா பிரஸ்காரர்களும் புதுக் கேலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுகிற நாளில், எனக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது நீ போன் பண்ணினாய். பொங்கலுக்கு வருகிறேன், ஒருநாள் முழுக்க நீங்களும் நானும் மட்டும் சைக்கிளில் சுற்றப்போகிறோம் என்றாய். வண்டியில் விருதுநகர் போய், அங்கிருந்து விடியக் கிளம்பித் திருத்தங்கல் மலைக்கோயில், சிவகாசி, வெம்பக்கோட்டைத் தொல்லியல் மேடு, ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து பொழுது சாய்வதற்குள் வீடு, மொத்தம் நூற்றுப்பத்துக் கிலோமீட்டர். நீ அங்கே தினமும் சைக்கிளில் ஆபீஸ் போகிறவள், உனக்கு அது விளையாட்டு. நான் சரி என்றேன். அந்த வாய்க்கு வயது அறுபத்தொன்று என்பது சொல்லும்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமே ஊருக்கு வந்த உன் தோழியிடம் அந்தக் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டாய். அதைக் கையில் கட்டிக்கொண்டு ஓட்டினால் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று எல்லாம் என் போனுக்கு வந்து, அங்கிருந்து உன் போனுக்கும் வந்துவிடும் என்றாய். வாரத்துக்கு இவ்வளவு என்று பயிற்சிக்கு ஒரு அட்டவணையும் போட்டு அனுப்பினாய்.

மூன்று நாள் ஓட்டினேன், அது சத்தியம். முதல் நாள் திருத்தங்கல் வரை போய்த் திரும்பியதும் உட்கார முடியாமல் பிரஸ்ஸில் நின்றுகொண்டே புரூப் பார்த்தேன். இரண்டாம் நாள் டீக்கடைக்கு டீக்கடை, என்ன அண்ணாச்சி காரை வித்துட்டீகளா என்று விசாரணை. மூன்றாம் நாள் நாய் விரட்டி, வேட்டி செயினில் சிக்கி, ஓடையில் கிடந்தவனை நாலு பேர் தூக்கிவிட்டார்கள். உன் அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டபடியே சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. நாலாம் நாள் காலையில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஓட்டவில்லை என்றால் உனக்குத் தெரிந்துவிடுமே என்று நின்றேன். அப்போது அய்யாதுரை தாயில்பட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அய்யாதுரையைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக நம் பிரஸ்ஸில் வெளிவேலை. பட்டாசு லேபிள் புரூப்பைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறவர். ஊரே மோட்டார் சைக்கிளுக்கு மாறியபோதும் பெட்ரோல் வாடை தலைவலிக்கிறது என்று சைக்கிளை விடாதவர். உனக்குச் சைக்கிள் பழக்கியதும் அவர்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் உன் பின்னால் ஓடியபோது நான் ஆர்டர் ஆர்டர் என்று மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்றைக்கு அவரைக் கூப்பிட்டு, ஏலே அய்யாதுரை, இன்னைக்கு ஒருநாள் இதைக் கட்டிக்கிட்டுப் போ, பாப்பா அங்கன இருந்து பார்க்கும், நான் ஓட்டலைன்னா சங்கடப்படும் என்றேன். நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி உங்க சோலி என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். சாயங்காலம் முப்பத்தெட்டுக் கிலோமீட்டர் காட்டியது. அரைமணி நேரத்தில் உன் போன். அப்பா முப்பத்தெட்டா, நம்பவே முடியலைப்பா என்று நீ கத்திய சத்தத்தில் எனக்கே நான் ஓட்டியது போலத்தான் இருந்தது.

அந்தப் போன்தான் என்னைக் கெடுத்தது. அதற்கு முன்னால் நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாய், அதுவும் அம்மாவிடம். கடைசியில் அப்பா நல்லா இருக்காங்களா என்று கேட்பாய், இருக்காரு என்று அவள் சொல்லி வைத்துவிடுவாள். இப்போது தினமும் சாயங்காலம் என் போன் அடித்தது, அப்பா அப்பா என்று என்னிடம்தான் பேசினாய். ஒருநாள் என்றது பத்து நாள் ஆயிற்று, ஆவணி போய்ப் புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. நீ வாரா வாரம் தூரத்தைக் கூட்டினாய். பார்ட்டி ஆர்டரைக் கூட்டினால் மெஷின்காரனிடம் சொல்கிற மாதிரி நான் அதை அய்யாதுரையிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில், பாப்பா வர்ற ரூட்டைப் பார்த்துட்டு வா என்று நம் பயணத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் அவரை அனுப்பினேன். அவர் வந்து ஒப்பிப்பார். மழை பேஞ்சா வெம்பக்கோட்டைக்கு அங்கிட்டு மண்பாதையில எறங்கக்கூடாது, கரிசல் டயர்ல அப்பிக்கிட்டு ஒரு அடி நகராது. ஆலங்குளம் ரோட்டுல பத்து மணிக்கு மேல சுண்ணாம்புக்கல்லு லாரி வரிசை கட்டிரும், அதுக்குள்ள தாண்டிரணும். இதையெல்லாம் வார்த்தை மாறாமல் நான் உன்னிடம் சொன்னேன். மழைக்குப் பிறகு அந்தத் தொல்லியல் மேட்டுப் பக்கம் சங்கு வளையல் துண்டு ஒன்று கிடந்ததாம். எடுத்துப் பார்த்துவிட்டு, யாரு கையில கிடந்ததோ, அங்கனயே கிடக்கட்டும் என்று கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாராம். அதையும் நானே வைத்துவிட்டு வந்ததாகத்தான் உன்னிடம் சொன்னேன். அப்பா, நீங்க இப்படியெல்லாம் பேசி நான் கேட்டதே இல்லை என்றாய். என்றைக்காவது பேசியிருந்தால்தானே கேட்டிருப்பாய்.

இனிமேல்தான் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஐப்பசிப் பௌர்ணமி, இந்த மாதம் ஐந்தாம் தேதி புதன்கிழமை, நீ காலையிலேயே போன் பண்ணினாய். துடிப்பு தாளம் தப்பி அடிக்கிறது என்று கடிகாரம் இரண்டு தடவை எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது, உங்கள் இதயத்தில் ஏதோ கோளாறு, இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றாய். உங்கள் இதயம் என்று நீ சொன்னதும் நான் என் நெஞ்சைத்தான் தொட்டுப் பார்த்தேன் பாப்பா. இரண்டரை மாதமாக அந்தக் கடிகாரம் என் கையிலேயே இல்லை, அது என் புத்தியில் ஏறவில்லை. எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று வேர்த்துக்கொட்டியது. மறுநாள் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனேன். துணைக்கு யாரைக் கூட்டிப்போனேன் தெரியுமா, அய்யாதுரையை. நான் உள்ளே சட்டையைக் கழற்றிப் படுத்து ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தேன், அவர் அந்தக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு வெளியே பெஞ்சில் என் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளிக்கிழமை இருக்கன்குடி வரை சைக்கிளிலேயே போய் மாரியம்மனுக்கு என் பேரில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

அப்போதெல்லாம் எனக்கு எதுவும் புரியவில்லை என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன், பார்த்திருப்பாய். புரிந்தது. டாக்டரிடமிருந்து திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக் கிடந்தது, ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் அய்யாதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், அந்தக் கையைப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமில்லை என்றால் தாளம் தப்பியது யாருக்கு என்று அந்த நிமிஷமே மனசில் தட்டியது. கேட் திறப்பதற்குள் அதற்கு நூறு சமாதானம் சொல்லிவிட்டேன். ஒரு காய்ச்சல் என்று படுத்து அறியாத உடம்பு. கடிகாரம் சில நேரம் தப்பாகவும் சொல்லும், அன்றைக்கு ராத்திரி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நீயும் அதையே சொன்னாய். கேலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கிறது, லோடு போய்க்கொண்டிருக்கிறது, டிசம்பர் கழியட்டும், கூட்டிப்போய்க் காட்டுவோம். இதெல்லாம்கூட வெளிச் சமாதானம்தான். அவரிடம் சொன்னால் சைக்கிளை நிறுத்தவேண்டும், சைக்கிள் நின்றால் தூரம் நிற்கும், தூரம் நின்றால் சாயங்காலம் உன் போன் நிற்கும். இந்த ஒரு வரியை எழுத முடியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கேலண்டரின் தேதித்தாளில் ஒரு ராகு காலம் மாறியிருந்தால் அத்தனை தாளையும் கழித்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்கிறவன் நான். என் கண்ணில் பிழை தப்பாது என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். இந்தப் பிழையைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஓகே போட்டு அனுப்பினேன்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உன் அட்டவணையில் அறுபது கிலோமீட்டர். வெம்பக்கோட்டை வழியாக ஆலங்குளம் போய்த் திரும்பவேண்டும். கிளம்பும்போது உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டேன், அப்போதாவது கேட்டேன். கொஞ்சம் அசதியா இருக்கு அண்ணாச்சி, காலையில எந்திரிச்சா நெஞ்சுக்குள்ள படபடங்குது, தீபாவளி அலைச்சல்தான், சரியாப் போயிரும் என்றார். அப்படியும் நான் என்ன சொன்னேன் தெரியுமா, மெதுவாப் போயிட்டு வா என்றேன். திரும்பி வரும்போது வெம்பக்கோட்டைக்கு இந்தப் பக்கம் சைக்கிளோடு கருவேலஞ்செடிக்குள் சாய்ந்துவிட்டார். ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்து, வழியில் வந்த லோடு வண்டியில் ஏற்றி சிவகாசிக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே தாங்காது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். நெஞ்சு தாளம் தப்பி அடித்தால் உள்ளே ரத்தம் உறையுமாம், உறைந்த கட்டி தலைக்கு ஏறி அடைத்துக்கொள்ளுமாம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணி, பேச்சு குழறிப் போயிற்று. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். நடந்துவிடுவார், மாதக்கணக்கில் ஆகும், கை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அங்கே டாக்டர், இந்தத் துடிப்புக் கோளாறு எப்போதிலிருந்து என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அப்போதுதான் உனக்குப் போன் பண்ணி, டாக்டர் கேட்கிறார், அந்த ரீடிங்கை எல்லாம் அனுப்பு என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை, நீ எனக்குத்தான் என்று நடுங்கிப்போய் அனுப்பினாய், டிக்கெட்டையும் முன்னால் மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்றாய். டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, அஞ்சாம் தேதியே தெளிவாக் காட்டியிருக்கே, யாருக்கு வந்துச்சு இது, அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாமே என்று சத்தம் போட்டார். பக்கத்தில் அய்யாதுரையின் மனைவி முத்துச்செல்வி நின்றிருந்தாள், நம் பைண்டிங்கில் தேதித்தாள் அடுக்குகிறவள். எனக்குத்தான் வந்துச்சு என்று சொன்னேன், கடிகாரத்தின் கதையையும் அங்கேயே நின்று முழுசாகச் சொன்னேன். என்னை வாயில் வந்தபடி ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் ஏசவில்லை. அன்னைக்கு நீங்க மட்டும் காட்டிட்டு வந்தீகளே அண்ணாச்சி, அவரும் அங்கனதான பெஞ்சுல உக்காந்திருந்தாரு என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கிலிருந்து உன் அம்மா கொடுத்துவிடுகிற சாப்பாட்டை வாங்கிக்கொள்கிறாள், நான் நீட்டினால் வாங்குவதில்லை. உன் அம்மாவும் என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது. சோறு வைக்கிறாள், கரண்டிச் சத்தத்தில்தான் எல்லாம் சொல்கிறாள். எனக்கு இது வேண்டியதுதான்.

நேற்று நாலு மணிக்கு, பார்க்க விடுகிற நேரத்தில், அய்யாதுரையிடம் நானே சொல்லிவிட்டேன். அதுவரை அவருக்குத் தெரியாது, முத்துச்செல்வி சொல்லாமல் விட்டிருந்தாள், சொல்லவேண்டியது நீங்கதான் என்று விட்டிருப்பாள். இடது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நீ போன் பண்ணிய புதன்கிழமையிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும், கேட்டிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடிக்கப் போனேன், கையை இழுத்துக்கொண்டார். பாப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். உடம்பைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, இனிமேல்தான் சொல்லணும் என்றேன். அது இல்லை என்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு வார்த்தையாக, எச்சில் வழிய வழிய, பாப்பாட்ட சொல்லிருங்க, அம்புட்டும் நான் ஓட்டுனது என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சொல்லிவிட்டேன் தாயி. உன் போனில் இருக்கிற இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் முதல் மூன்று நாளைத் தவிர மீதி அம்புட்டும் அய்யாதுரை ஓட்டியது.

டிக்கெட்டை மாற்றுவதும் வருவதும் உன் இஷ்டம், வா என்று கூப்பிட எனக்கு இப்போது வாய் இல்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் அந்த இருக்கன்குடியாள் காக்கட்டும், பெற்றவன் வாயால் அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றை மறந்துவிடாதே. முத்துச்செல்வியின் நம்பரைக் கீழே எழுதச் சொல்லி உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்க விடுகிற நேரம் நாலு மணி, உங்கள் ஊரில் காலை பதினொன்றரை. நாளைக்கே கூப்பிடு, அவள் போனை அவர் காதில் வைப்பாள். உனக்கு எல்லாம் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிடு. அவருக்கு வார்த்தை வர நேரமாகும், நீ அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதே, அவரே சொல்லி முடிக்கட்டும்.

உன் அப்பா,
ராஜபாண்டியன்